சீற்றுக்கடியில் ஒரு கம்பி

தயாபரன் வாங்கப் போனபோது அந்த மோட்டார் சைக்கிளின் மேல் ஒரு கோழி அடைகிடந்தது. பரந்தனில் ஒரு வீட்டின் மாட்டுக் கொட்டிலுக்குள் அது நின்றது. இரண்டு சில்லுகளும் காற்றிறங்கி மண்ணோடு ஒட்டியிருந்தன. ஆள் குந்துகிற சீற் இருந்த இடத்தில் வைக்கோல் பரப்பியிருந்தார்கள். வீட்டுக்காரர் கோழியைத் தூக்கி இறக்கிவிட்டு, "உது இனி ஓடாது தம்பி. இரும்புக்கு எண்டால் கொண்டுபோங்கோ" என்றார். தயாபரன் ஒரு நாம்பன் கன்றைக் கொடுத்துவிட்டு, அதை மாட்டு வண்டியில் ஏற்றிக்கொண்டு முரசுமோட்டைக்கு வந்தான்.

அது தொண்ணூற்று மூன்றாம் ஆண்டு. ஆமியின் வவுனியாத் தடைமுகாமைத் தாண்டி வன்னிக்குள் பெற்றோல் வருவதில்லை. பற்றரியும் வருவதில்லை, உதிரிப்பாகங்களும் வருவதில்லை. மோட்டார் சைக்கிள் வைத்திருந்தவர்களே அதைச் சாக்கால் மூடிவிட்டுத் துவிச்சக்கர வண்டி மிதித்த காலம். அந்த நேரத்தில் ஒருவன் நாம்பனைக் கொடுத்துப் பழைய இரும்பு வாங்கி வந்தால் பெண்சாதி என்ன சொல்லுவாள்? விமலேஸ்வரி மோட்டார் சைக்கிளைச் சுற்றி ஒருதரம் நடந்து பார்த்துவிட்டு, "கோழி இன்னும் ரெண்டு முட்டை விட்டிட்டுப் போயிருக்கு" என்று எடுத்துக்கொண்டு குசினிக்குள் போனாள்.

தயாபரன் மெக்கானிக் அல்ல. குடியேற்றத் திட்டத்தில் காணி கிடைத்து யாழ்ப்பாணத்திலிருந்து வந்த தகப்பனின் வயலைச் செய்கிறவன். தண்ணீர் இறைக்கும் மிசினைக் கழற்றிப் பூட்டிய பழக்கம் மட்டும்தான் இருந்தது. குசினிக்குப் பின்னால் சாய்ப்பாக இறக்கியிருந்த பத்திக்குள் ஒரு பாயை விரித்து, கழற்றிய ஒவ்வொரு துண்டையும் கழற்றிய ஒழுங்கிலேயே அடுக்கினான். தப்பித்தவறிப் பூனை அந்தப் பாயில் நடந்துவிட்டால் வீடே அதிரும். எஞ்சினுக்கு இடையில் வைக்கும் அட்டை கிடைக்கவில்லை. தடித்த கலண்டர் மட்டையை எண்ணெயில் ஊறப்போட்டு வெட்டி வைத்தான். சைலன்சரில் இருந்த ஓட்டையை மீன் ரின்னின் தகரத்தால் மூடினான். வெடித்த ரயருக்குள் இன்னொரு ரயரின் துண்டைச் செருகினான். பின்பக்கத்து ஸ்பிறிங் இளகிக் கிடந்தது. அதற்குள் உழவு மிசின் சீற்றின் ஸ்பிறிங்கை இறுக்கினான். கட்டில் சட்டத்தை அறுத்து ஒட்டுவித்து, புதுச் சீற்றொன்றும், நெல்லு மூட்டை ஏற்றுகிற அளவுக்கு ஒரு கரியரும் போட்டான்.

கடைசியில்தான் எண்ணெய் விசயம். மண்ணெண்ணெய்தான் ஓரளவுக்குக் கிடைத்தது. அது சூடாக இருந்தால்தான் எரியும் என்று கேள்விப்பட்டிருந்தான். செப்புக் குழாயொன்றைச் சைலன்சரைச் சுற்றி முறுக்கி, அதற்கூடாக மண்ணெண்ணெய் போகிறமாதிரி வைத்தான். ஆனால் குளிர்ந்த எஞ்சின் மண்ணெண்ணெயில் உயிர்பெறாது. அதற்குக் கண்ணுக்கு மருந்துவிடும் சின்னப் போத்தலில் கொஞ்சம் பெற்றோல். நாலு சொட்டை உள்ளே விட்டு உதைத்து, எஞ்சின் பிடித்த உடனே மண்ணெண்ணெய்க் குழாயைத் திறந்துவிட வேண்டும். முதல்நாள் அது பிடித்தபோது கரும்புகை எழும்பிப் பத்திக்குள் ஒருவரையொருவர் தெரியாமல் போயிற்று. விமலேஸ்வரி கண்ணைக் கசக்கிக்கொண்டு சிரித்தாள். அவளுடைய தம்பி தவராசா வயலில் இருந்து ஓடிவந்து, "அத்தான், எடுத்திட்டீங்கள்! அத்தான்!" என்று கத்தினான்.

தவராசாவுக்கு அப்போது இருபத்திரண்டு வயது. தாய்தகப்பன் இல்லை. விமலேஸ்வரி கலியாணம் முடித்து வந்தபோது கையோடு கூட்டிவந்தவள், தன் பிள்ளை போலத்தான் வளர்த்தாள். அவர்களுக்குப் பிள்ளை கிடைக்கவும் இல்லை. தவராசா வயலில் மாடு மாதிரி உழைப்பான். பேச்சுக் குறைவு. அத்தானுடைய மோட்டார் சைக்கிளில் அவனுக்கு ஒரு கண். ஓட்டவும் பழகிக்கொண்டான். ஆனால் தயாபரன் அதை இலேசில் கொடுக்க மாட்டான்.

வண்டி ஓடத் தொடங்கிய பிறகுதான் தயாபரனுக்கு நித்திரை போயிற்று. ஓடுகிற வாகனம் எந்த வீட்டில் நிற்கிறது என்பது ஊர் முழுக்கத் தெரியும். துவக்கோடு இயக்கப் பெடியள் வருவார்கள், மரியாதையாகத்தான் கேட்பார்கள், அவசரம் என்பார்கள். சில வாகனங்கள் திரும்பி வந்தன. சில வரவில்லை. பக்கத்து வாய்க்கால்கரையில் இருந்த பரமலிங்கத்தாரின் மோட்டார் சைக்கிள் அப்படிப் போய், வெறும் பெற்றோல் தாங்கியும் சட்டமுமாகத் திரும்பி வந்தது. தயாபரன் அதைப் பார்த்துவிட்டு வந்து இரண்டு நாள் பத்திக்குள்ளேயே இருந்தான்.

அங்கேதான் அந்த வேலையைச் செய்தான். பிளக்குக்குப் போகும் மின்கம்பியில் இன்னொரு மெல்லிய கம்பியை முறுக்கி, சீற்றுக்கடியால் கொண்டுபோய், சட்டத்தில் இருந்த ஓர் ஆணியில் கொழுவினான். அது கொழுவியிருக்கும்வரை மின்சாரம் சட்டத்தோடு போய்விடும். பிளக்கில் பொறி விழாது. ஆர் எத்தனை தரம் உதைத்தாலும் எஞ்சின் முனகவும் மாட்டாது. விரலால் தட்டிவிட்டால் முதல் உதையிலேயே பிடிக்கும். கம்பியைக் கறுத்த கிறீசால் பூசி, ஊத்தையோடு ஊத்தையாக்கிவிட்டான். வண்டியை நிறுத்தினால் கை தானாகச் சீற்றுக்கடியில் போய்வரும். அது வேட்டியை மடித்துக் கட்டுகிற மாதிரி, யோசிக்காமல் செய்கிற பழக்கமாகிவிட்டது.

ஒருநாள் இரண்டு பெடியள் வந்தார்கள். தயாபரன் முகத்தைச் சோர்வாக வைத்துக்கொண்டு வண்டியை உருட்டி வெளியே விட்டான்.

"எடுத்துக்கொண்டு போங்கோ தம்பியவை. ஆனால் உது ரெண்டு கிழமையா உயிரெடுக்குதில்லை. உங்களுக்கு விளங்குமெண்டால் பாருங்கோ."

அவர்களில் மூத்தவன் சேட்டைக் கழற்றிவைத்துவிட்டு உதைத்தான். மற்றவன் உதைத்தான். பிறகு ஒழுங்கைவரை தள்ளிக்கொண்டு ஓடினார்கள். வியர்த்து ஒழுகத் திரும்பி வந்து, "இதை நீங்கள் இரும்புக்குப் போடுங்கோ அண்ணை" என்று சொல்லிவிட்டுப் போனார்கள். அவர்கள் கண்ணுக்கு மறைந்ததும் தயாபரன் சீற்றுக்கடியில் கைவிட்டான். ஒரு உதை. எஞ்சின் பிடித்தது. உடனேயே நிற்பாட்டிவிட்டுச் சத்தமில்லாமல் சிரித்தான்.

"என்ன மாயம் செய்யிறியள்?" என்றாள் விமலேஸ்வரி. "எனக்கும் சொல்லுங்கோவன்."

"உமக்கேன் அது? நீரோ ஓடப்போறீர்?"

தவராசாவும் கேட்டான். "அத்தான், எனக்கு மட்டும் காட்டுங்கோ. நான் ஆருக்கும் சொல்ல மாட்டன்."

"நீ சொல்லமாட்டாய். உன்ரை சிநேகிதப் பெடியள் வந்து தா மச்சான் எண்டால் குடுத்திடுவாய். எனக்கு உன்னைத் தெரியும். தேவையெண்டால் என்னட்டைக் கேள், நான் எடுத்துத் தாறன்."

தவராசா தலையை ஆட்டினான். பிறகு அவன் கேட்கவில்லை. தயாபரன் அதில் நியாயம் இருப்பதாகத்தான் நினைத்தான். தெரிந்தவர்கள் கூடினால் கதை வெளியே போய்விடும். மைத்துனனை நம்பாததால் அல்ல, வண்டி போய்விடக்கூடாது என்பதால்தான் என்று தனக்குத்தானே பலதரம் சொல்லிக்கொண்டான்.

தொண்ணூற்றாறு மாசியில் காலபோக நெல்லு வெட்டு நடந்தது. யாழ்ப்பாணத்திலிருந்து இடம்பெயர்ந்து வந்த சனத்தால் கிளிநொச்சியும் பரந்தனும் நிரம்பி வழிந்த நேரம். வண்டியில் புகை கூடி, இழுவை குறைந்திருந்தது. பிஸ்ரன் ரிங்ஸ் தேய்ந்துவிட்டதென்று தயாபரனுக்கு விளங்கியது. புளியங்குளத்தில் ஒருவரிடம் பாவித்த ரிங்ஸ் சோடி இருக்கிறதென்று தகவல் வந்தது. அன்று விடிய எழும்பி, துவிச்சக்கர வண்டியில் பரந்தனுக்குப் போய், அதை ஒரு கடையில் விட்டுவிட்டு லொறி ஏறினான். மோட்டார் சைக்கிள் பத்திக்குள் நின்றது. கம்பி கொழுவியபடி.

தவராசா தனியாக வயலில் நின்று கதிர்க்கட்டுகளைத் தூக்கிச் சூட்டுக் குவியலில் போட்டுக்கொண்டிருந்தான். ஒரு கட்டைத் தூக்கியபோது அதன் கீழே புடையன் பாம்பு கிடந்தது. வலது குதிக்காலுக்கு மேலே கடித்தது. அவன் உடுத்திருந்த சறத்தின் கரையைக் கிழித்துக் காலைக் கட்டிக்கொண்டு, வரம்பால் நடந்து வீட்டுக்கு வந்தான். விமலேஸ்வரி கிணற்றடியில் நின்றாள்.

"அக்கா, பயப்பிடாதை. புடையன் கடிச்சுப்போட்டுது. மோட்டார் சைக்கிளிலை கிளிநொச்சிக்குப் போவம். நீ பின்னாலை ஏறி இரு."

அவள் கையிலிருந்த வாளியை அப்படியே விட்டாள். இருவருமாக வண்டியை வெளியே உருட்டினார்கள். தவராசா கண்மருந்துப் போத்தலை எடுத்து அளவாகப் பெற்றோல் விட்டான். எல்லாம் அத்தான் செய்கிறமாதிரியே செய்தான். உதைத்தான். கடிபட்டதும் வலது கால், உதைக்க வேண்டியதும் வலது கால். திரும்பவும் பெற்றோல் விட்டு உதைத்தான். கால் கண்முன்னாலேயே வீங்கிக்கொண்டு வந்தது. மற்றக் காலை மாற்றி, வண்டியின் அந்தப் பக்கம் நின்று உதைத்துப் பார்த்தான். சரிவராமல் பழையபடி வலது காலாலேயே உதைத்தான்.

"விடடா தம்பி, விடு. நான் ஆரையும் கூட்டிக்கொண்டு வாறன்."

"பொறு அக்கா. பிளக்கைப் பாப்பம்."

இருந்துகொண்டு பிளக்கைக் கழற்றித் துடைத்தான். திரும்பப் பூட்டினான். உதைத்தான். போத்தலில் பெற்றோல் முடிந்துபோயிற்று. அப்போது அவன் திரும்பி ஏதோ சொல்ல வாயைத் திறந்தான். பல்முரசில் இரத்தம் கசிந்து பற்கள் சிவந்திருந்தன. அதைக் கண்டதும் விமலேஸ்வரி ஓடத் தொடங்கினாள்.

சுற்றுவட்டாரத்தில் எல்லாரும் வயலில். இரண்டு வாய்க்கால் தாண்டி வீரகத்தியரின் இரண்டு சில்லு உழவு மிசினான லான்ட்மாஸ்ரர், பெட்டி நிறைய நெல்லோடு நின்றது. அவர் ஒரு கேள்வியும் கேட்காமல் மூட்டைகளைப் பிடித்து வரம்பில் தள்ளினார். ஆனால் லான்ட்மாஸ்ரர் மனிதன் ஓடுகிற வேகத்துக்குத்தான் போகும். குண்டும் குழியுமான அந்த ரோட்டில் பெட்டி துள்ளத் துள்ள, விமலேஸ்வரி தம்பியின் தலையை மடியில் இறுக்கிப் பிடித்துக்கொண்டிருந்தாள். பரந்தன் சந்தியைத் தாண்டும்போது அவன் சத்தி எடுத்தான். அதிலும் இரத்தம்.

பின்னேரம் லொறியால் இறங்கிய தயாபரனுக்குத் துவிச்சக்கர வண்டியை விட்டிருந்த கடைக்காரர்தான், தவராசாவைப் புடையன் கடித்து லான்ட்மாஸ்ரரில் கிளிநொச்சிக்குக் கொண்டுபோனதைச் சொன்னார். அவன் ரிங்ஸ் பொட்டலத்தைச் சேட்டுப் பையில் வைத்தபடியே ஆஸ்பத்திரிக்கு மிதித்தான். மிதிக்கத் தொடங்கும்போது அவனுக்கு மோட்டார் சைக்கிளின் ஞாபகமே இல்லை. ஏ9 ரோட்டில் ஏறிய பிறகுதான் அது வந்தது. வீட்டில் வண்டி நிற்கிறது. வண்டி நிற்கத் தவராசாவை லான்ட்மாஸ்ரரில் ஏன் கொண்டுபோனார்கள்? மறுமொழி அவனுக்குத் தெரிந்தபோது இறங்கி, வேலியொன்றைப் பிடித்துக்கொண்டு நின்றான். பிறகும் ஏறி மிதித்தான்.

ஆஸ்பத்திரியில் கட்டில் இல்லை. விறாந்தையில் பாயில் படுத்திருந்தான் தவராசா. மருந்து ஏற்றியிருந்தார்கள். கால் தொடைவரை கறுத்து, பானை மாதிரி வீங்கியிருந்தது. விமலேஸ்வரி புருசனைக் கண்டதும் எழும்பவில்லை.

"உங்கடை மோட்டார் சைக்கிள் உயிரெடுக்கேல்லை" என்றாள். "எத்தினை தரம் உதைச்சவன்..."

தயாபரன் பாயின் பக்கத்தில் குந்தினான். தவராசா கண்ணைத் திறந்து அடையாளம் கண்டுகொண்டான்.

"அத்தான்... ரிங்ஸ் கிடைச்சுதோ?"

"ஓம். கிடைச்சுது. நீ கதையாதை."

"பிளக் கழட்டித் துடைச்சும் பாத்தனான். பொறி வரேல்லை. நான் என்னவோ பிழையா விட்டிட்டன் போலை. பெற்றோல் முழுக்க முடிஞ்சுபோச்சு, குறை நினையாதேங்கோ. என்ன பிழையெண்டு பாருங்கோ அத்தான்."

"பாக்கிறன்" என்றான் தயாபரன்.

அவர்கள் பேசிக்கொண்ட கடைசிக் கதை அதுதான். அன்றிரவே தவராசாவுக்கு நினைவு தவறியது. சலம் கழிப்பது நின்றது. டொக்டர் களைத்துப்போன மனிதர். விமலேஸ்வரியைத் தவிர்த்துத் தயாபரனிடம் மட்டும், "மருந்து குடுத்தனாங்கள். நஞ்சு நல்லா ஏறிட்டுது. நடந்திருக்கிறார், காலைப் பாவிச்சிருக்கிறார். கொஞ்சம் முந்திக் கொண்டுவந்திருந்தால் ஒருவேளை..." என்றுவிட்டு அடுத்த பாய்க்குப் போனார். அடுத்தநாள் மத்தியானம் தவராசா செத்துப்போனான்.

செத்தவீட்டுக்கு வந்த சனம் பத்திக்குள் நின்ற வண்டியை எட்டிப் பார்த்தது. "மண்ணெண்ணெயிலை ஓடுற சாமானை நம்பேலாது" என்றார் வீரகத்தியர். "பிளக்கிலை கரி பிடிச்சிருக்கும்" என்றார் பரமலிங்கத்தார். ஆளாளுக்கு ஒரு காரணம் சொன்னார்கள். தயாபரன் எல்லாவற்றுக்கும் தலையை ஆட்டினான். கொள்ளிச்சட்டி தூக்கியவனும் அவன்தான்.

முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி முடியும்வரை அவன் பத்திப் பக்கம் போகவில்லை. ஒவ்வொரு நாளும் சொல்லிவிட நினைத்தான். ஒவ்வொரு நாளும் விமலேஸ்வரியின் முகத்தைப் பார்த்ததும் எழும்பி வயலுக்குப் போய்விட்டான். மண்ணெண்ணெய்தான் காரணம் என்று ஊர் முடிவெடுத்துவிட்டது. பேசாமல் விட்டால் அது அப்படியே போய்விடும். அந்த நினைப்பு வந்து ஒட்டிக்கொள்ளும்போதெல்லாம் அவனுக்குத் தன்னையே அருவருத்தது.

ஒருநாள் காலமை, தேத்தண்ணியைக் கொடுத்துவிட்டு விமலேஸ்வரி எதிரே நிலத்தில் இருந்தாள்.

"அதை ஒருக்கா உடைச்சுப் பாருங்கோ" என்றாள்.

"எதை?"

"மோட்டார் சைக்கிளை. தம்பி கேட்டவனெல்லோ, என்ன பிழையெண்டு பாக்கச் சொல்லி. நீங்களும் பாக்கிறன் எண்டனீங்கள். எனக்கும் தெரியோணும். அவன் தான் ஏதோ பிழைவிட்டதெண்டு நினைச்சுக்கொண்டு போயிட்டான்."

தயாபரன் தேத்தண்ணியைக் கீழே வைத்தான்.

"அதிலை பிழை ஒண்டும் இல்லை விமலா. அவனும் பிழைவிடேல்லை."

பிறகு சொன்னான். கம்பியைச் சொன்னான், ஆணியைச் சொன்னான். பெடியள் வந்த நாளைச் சொன்னான். லொறி ஏறப்போன அன்று வழமைபோலக் கொழுவிவிட்டுப் போனதையும் சொன்னான். சொல்லி முடித்தபோது அவனுடைய குரல் அவனுக்கே வேறு ஆரோ பேசுவதுபோலக் கேட்டது. விமலேஸ்வரி நிலத்தைப் பார்த்தபடியே கேட்டாள்.

"அந்த ஆணி எங்கை கிடக்கு?"

"சீற்றுக்குக் கீழை. வலது பக்கம்."

"அவன் நிண்டு உதைச்ச பக்கமோ?"

"ஓம்."

"குனிஞ்சால் கை எட்டுமோ?"

"ஓம்."

அவள் எழும்பி உள்ளே போய் அலுமாரியைத் திறந்த சத்தம் கேட்டது. தன் சீலைகளை ஒரு பையில் வைத்துக் கட்டினாள். வெளியே வந்து, "நான் புளியங்குளத்துக்கு, பெரியம்மாவிட்டைப் போறன்" என்றாள். "தேடி வராதேங்கோ." அவன் பை தூக்க எழும்பினான். வேண்டாம் என்று கையைக் காட்டிவிட்டுத் தனியாகப் பரந்தன் ரோட்டுக்கு நடந்தாள்.

ஆடியில் ஆனையிறவுப் பக்கத்திலிருந்து ஆமியின் செல் விழத் தொடங்கியது. பரந்தன் சனம் ஊரைவிட்டு எழும்பியது, பிறகு முரசுமோட்டைச் சனமும் எழும்பியது. சிறுபோக நெல் வெட்டாமல் நின்றது. தயாபரன் மோட்டார் சைக்கிளில் கையில் அகப்பட்டதைக் கட்டிக்கொண்டு வெளிக்கிட்டான். எங்கே போவதென்று அவன் தீர்மானிக்கவில்லை. சனம் போன பக்கம் போனான். முறிகண்டியில் சில நாள் மரத்தடியில் கிடந்தான். மாங்குளத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் இருந்தான். கிளிநொச்சியும் ஆமியிடம் விழுந்துவிட்டதென்ற செய்தி அங்கேதான் வந்தது. அதன்பிறகு, வரவேண்டாம் என்று சொன்ன இடத்துக்கே ஒரு மழைநாள் போய்ச் சேர்ந்தான்.

விமலேஸ்வரியின் பெரியம்மா அன்னபாக்கியம் அவனைப் படலையில் கண்டு விறைத்துப்போய் நின்றா. அவன் தாடி வளர்ந்து, பாதி ஆளாகியிருந்தான்.

"வா தம்பி, உள்ளை வா. நனையாதை. நீ இருக்கிறியோ இல்லையோ எண்டும் தெரியாமல் இருந்தனாங்கள்." பிறகு வண்டியைப் பார்த்து முகத்தைச் சுளித்தா. "உந்தச் சனியனையும் கொண்டுவந்திட்டாய். மண்ணெண்ணெய் அடைச்சுத்தான் அண்டைக்குக் காலை வாரினதெண்டு விமலா சொன்னவள். என்ரை பெடியன்ரை உயிரைக் குடிச்ச சாமான்."

தயாபரன் நிமிர்ந்து பார்த்தான். விமலேஸ்வரி குசினி வாசலில் நின்றாள். அவள் அவனைப் பார்க்கவில்லை. துவாயொன்றைக் கொண்டுவந்து கதிரையின் மேல் போட்டுவிட்டு உள்ளே போனாள்.

மழை விட்ட பிறகு, பெரியம்மா கோயிலுக்குப் போன நேரம் பார்த்து, அவன் குசினிக்குள் போனான். அவள் அடுப்பை ஊதிக்கொண்டிருந்தாள்.

"ஏன் அப்பிடிச் சொன்னனீர்?"

"எப்பிடி?"

"மண்ணெண்ணெய் எண்டு. பெரியம்மாவுக்கு நான் உண்மையைச் சொல்லிப்போடுறன். அவ என்னைத் துரத்தினாலும் பரவாயில்லை."

விமலேஸ்வரி ஊதுகுழலைக் கீழே வைத்தாள்.

"சொல்லி? சொன்னால் உங்கடை மனம் இலேசாகும். பெரியம்மா திட்டுவா, நீங்களும் தண்டனை அனுபவிச்சன் எண்டு நித்திரை கொள்ளுவியள். எனக்கு என்ன இருக்கு? இருந்த ரெண்டு பேரிலை ஒராள் போயிட்டான். மற்ற ஆளைச் சனம் கொலைகாரன் எண்டு சொல்லுறதை நான் இருந்து கேக்கோணுமோ?"

அவன் குந்தி, வெளியே தள்ளியிருந்த விறகை அடுப்புக்குள் தள்ளினான்.

"மன்னிச்சுப்போட்டன் எண்டு நினையாதேங்கோ" என்றாள் அவள். "ஏலுமோ தெரியாது. நான் முயற்சி செய்து பாக்கேல்லை. இப்ப போய்க் கை காலைக் கழுவிப்போட்டு வாங்கோ. சோறு கொஞ்சம்தான் இருக்கு, ஆறப்போகுது."

அவன் போய்க் கழுவிவிட்டு வந்தான். அவள் கோப்பையில் சோற்றைப் போட்டு, பருப்பை விட்டு, அவன் முன்னால் நகர்த்தினாள். அவன் சாப்பிடச் சாப்பிட அவள் சுவரில் சாய்ந்துகொண்டு மழைத்தண்ணீர் ஓடும் முற்றத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அந்த வளவின் மூலையில் ஒரு கொட்டில் போட்டுக்கொண்டு அவர்கள் இருந்தார்கள். அடுத்த வருசம் சண்டை புளியங்குளத்துக்கும் வந்தது. பெரியம்மாவையும் கூட்டிக்கொண்டு திரும்பவும் எழும்பினார்கள். எங்கே போனாலும் இருவரும் சேர்ந்துதான் போனார்கள். அவனுக்குக் காய்ச்சல் வந்தால் அவள் கஞ்சி வைத்துக் கொடுத்தாள். அவளுக்கு விறகு கொத்தி, தண்ணீர் அள்ளிக் கொடுத்தான் அவன். தேவையானதைப் பேசினார்கள். தவராசாவின் பெயரை மட்டும் இருவரில் ஒருவரும் மற்றவருக்கு முன்னால் சொன்னதில்லை. ஆண்டுத் திவசத்தன்று அவள் விடிய எழும்பி மூன்று கறி வைத்து, ஒரு வாழையிலையில் படைத்து, விளக்கை ஏற்றுவாள். தயாபரன் கொட்டிலுக்கு வெளியே நிற்பான். உள்ளே வரச்சொல்லி அவள் கூப்பிடுவதில்லை. அவனும் போவதில்லை.